விசையைப் பார்க்காமல் அடிப்பதும் நிமிர்ந்து அமர்வதும்

கணினியில் தட்டச்சு செய்யும் ஒருவரைச் சற்றுத் தள்ளி நின்று ஒரு நிமிடம் கவனித்தால், அவர் முறையாகப் பழகியவரா, தாமாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டவரா என்பதை அவருடைய விரல்களைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். கழுத்தைப் பார்த்தால் போதும். பழகாதவரின் தலை, கோழி தீனி கொத்துவதைப் போல, கீழும் மேலுமாகப் போய்வந்துகொண்டே இருக்கும். விசைப்பலகையில் எழுத்தைத் தேடுவதற்காகக் குனிவார்; அடித்த எழுத்து சரியாக விழுந்ததா என்று பார்ப்பதற்காக நிமிர்வார்; விட்ட இடம் எது என்று அறிய, பக்கத்தில் வைத்திருக்கும் தாளை நோக்கித் திரும்புவார். ஒரு பக்கத்தை அடித்து முடிப்பதற்குள் இந்தக் குனிதலும் நிமிர்தலும் எத்தனையோ முறை நடந்துவிடும். மாலையில் பிடரி வலிக்கிறது என்று அவர் சொல்லும்போது நாம் நாற்காலியைக் குறை சொல்கிறோம். நாற்காலியிலும் குறை இருக்கலாம். ஆனால் அந்த வலியில் ஒரு பங்கு, விசைகளைப் பார்த்தே அடிக்கும் பழக்கத்தால் வந்தது.

தட்டச்சுப் பயிற்சியை ஓரிடத்திலும் கணினி முன் அமரும் முறையை வேறோரிடத்திலும் பிரித்துச் சொல்லித் தருவது வழக்கமாகிவிட்டது. இரண்டும் ஒரே பாடத்தின் இரு பகுதிகள் என்பது என் கருத்து. விசையைப் பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவர்தான் நெடுநேரம் நிமிர்ந்து அமர முடியும்; நிமிர்ந்து, தோளும் கையும் தளர்ந்த நிலையில் அமர்ந்தவருடைய விரல்கள்தான் பார்வையின் துணையின்றி உரிய விசையைச் சென்று சேரும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

பத்து விரல்களுக்கும் வேலை வந்த கதை

இன்று நாம் பயன்படுத்தும் ஆங்கில விசைப்பலகையின் எழுத்து வரிசை கணினிக்காக அமைக்கப்பட்டதன்று. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய தட்டச்சுப் பொறிக்கு 1868-இல் காப்புரிமை கிடைத்தது. பல திருத்தங்களுக்குப் பிறகு, 1874-இல் ரெமிங்டன் நிறுவனத்தின் வழியாக அது விற்பனைக்கு வந்தது. மேல்வரிசையின் முதல் ஆறு எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் வரும் ஒலியைக் கொண்டு இந்த அமைப்பை ‘குவெர்ட்டி’ என்கிறார்கள். முதலில் வந்த பொறியில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன; பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒரே விசையில் அடக்கும் ஷிப்ட் விசை 1878-இல் வெளிவந்த இரண்டாம் எண் ரெமிங்டன் பொறியில்தான் வந்தது. அச்சுக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருப்பதற்காகவே எழுத்துகள் இவ்வாறு கலைத்துப் போடப்பட்டன என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்பட்டாலும், ஆய்வாளர்கள் அனைவரும் அதை ஏற்பதில்லை. காரணம் எதுவாயினும், ஒருமுறை ஊன்றிய பழக்கம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அசையவில்லை.

பொறி வந்தபோதே அதைப் பயன்படுத்தும் முறை உடன்வரவில்லை என்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய செய்தி. தொடக்க காலத்தில் பெரும்பாலோர் இரண்டு விரலாலோ நான்கு விரலாலோ, விசைகளைப் பார்த்துத்தான் அடித்தார்கள். சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த நீதிமன்றச் சுருக்கெழுத்தர் ஃபிராங்க் மெக்கரின், விசைகளின் இடங்களை மனத்தில் பதியவைத்துக்கொண்டு, எல்லா விரல்களையும் பயன்படுத்தி, பார்க்காமல் அடிக்கப் பழகியிருந்தார். 1888 ஜூலை 25 அன்று சின்சினாட்டி நகரில் லூயிஸ் டிராப் என்பவரோடு அவர் போட்டியிட்டு வென்றது செய்தித்தாள்களில் பேசப்பட்டது. ஒரு தாளைப் பார்த்து நகலெடுக்கும்போது மெக்கரினின் கண்கள் அந்தத் தாளை விட்டு அகல வேண்டியிருக்கவில்லை. அந்த வெற்றிக்குப் பிறகு, பார்க்காமல் அடிக்கும் முறை மெல்ல மெல்லப் பயிற்சி நிலையங்களின் பாடமாயிற்று.

நடுவரிசை என்னும் வீடு

உங்கள் விசைப்பலகையில் எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகளையும் விரல்நுனியால் தடவிப் பாருங்கள். இரண்டிலும் சிறு மேடு ஒன்று தட்டுப்படும். பலர் ஆண்டுக்கணக்கில் கணினியைப் பயன்படுத்தியும் இதைக் கவனித்திருப்பதில்லை. பார்க்காமல் அடிக்கும் முறை முழுவதும் இந்த இரண்டு மேடுகளை நம்பியே நிற்கிறது. இடக்கை ஆட்காட்டி விரலை எஃப் மீதும், வலக்கை ஆட்காட்டி விரலை ஜே மீதும் வைத்தால், மற்ற விரல்கள் தாமாகவே தத்தம் இடத்தில் அமர்ந்துகொள்ளும்: இடக்கையின் நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல் ஆகியவை முறையே டி, எஸ், ஏ விசைகளின் மீதும், வலக்கையின் அதே விரல்கள் கே, எல், அரைப்புள்ளி விசைகளின் மீதும் வரும். கட்டை விரல்கள் இரண்டும் இடைவெளி விசையின் மேல் இலேசாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பயிலகங்களில் ‘ஹோம் ரோ’ என்று சொல்லப்படும் இந்த நடுவரிசை விரல்களின் வீடு. எந்த விரல் எங்கே போனாலும் வேலை முடிந்தவுடன் இங்கே திரும்பிவிட வேண்டும்.

மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் அதே விரல்களே போய்வருகின்றன. இடக்கை நடு விரல் டி விசையிலிருந்து மேலே இ விசைக்கும் கீழே சி விசைக்கும் செல்கிறது. வலக்கை மோதிர விரல் எல் விசையிலிருந்து மேலே ஓ விசைக்கும் கீழே முற்றுப்புள்ளிக்கும் செல்கிறது. ஆட்காட்டி விரல்களுக்கு மட்டும் இரட்டை வேலை உண்டு. இடக்கை ஆட்காட்டி விரல் தன் நெடுவரிசையோடு, பக்கத்திலிருக்கும் டி, ஜி, பி என்ற விசைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வலக்கை ஆட்காட்டி விரலுக்கு ஒய், எச், என் கூடுதல் பொறுப்பு. (தமிழில் எழுதும்போது நடுவரிசை டி-யும் மேல்வரிசை டி-யும் ஒன்றுபோலத் தெரிகின்றன, ஜி விசைக்கு நேர் மேலே இருப்பதையே இங்கே சொல்கிறேன்.) சுண்டு விரல் வலுக் குறைந்தது என்றாலும் ஷிப்ட், என்டர் போன்ற ஓரத்து விசைகள் அதன் தலையில்தான் விழுகின்றன. பெரிய எழுத்து எந்தக் கையால் அடிக்கப்படுகிறதோ அதற்கு எதிர்க்கையின் சுண்டு விரலால் ஷிப்ட் விசையை அழுத்த வேண்டும் என்ற விதியை முதல் நாளிலேயே கைக்கொண்டுவிட்டால், ஒரே கையை முறுக்கி இரண்டு விசைகளையும் பிடிக்கும் கெட்ட பழக்கம் வராது.

தமிழ்நாட்டுத் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்த எவரும் முதல் வகுப்பில் அடித்தது ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்ற வரிசையாகத்தான் இருக்கும். தமிழ்ப் பொறியில் சேர்ந்தவர்களுக்கு அதே விசைகள் ‘யளனகபக’. பொருளற்ற இந்தத் தொடரைப் பக்கம் பக்கமாக அடிக்கச் சொல்வது அப்போது சலிப்பாகத் தோன்றும். அந்தச் சலிப்புக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது: சொல்லாக இருந்தால் மனம் பொருளைத் தேடி ஓடிவிடும், பொருளற்ற எழுத்துத் தொடர் மனத்தை விரலிலேயே கட்டிப்போடுகிறது.

விரல்களை நேராக நீட்டாமல், உள்ளங்கைக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பொத்தி வைத்திருப்பதைப் போல இலேசாக வளைத்து வைக்க வேண்டும். தட்டச்சுப் பொறியில் பயின்றுவிட்டுக் கணினிக்கு வந்தவர்கள் விசைகளை ஓங்கி அடிப்பதைக் காணலாம். பொறியில் ஒவ்வோர் அடியும் ஒரு கம்பியைத் தூக்கித் தாளில் மோத வைக்க வேண்டியிருந்தது. கணினி விசைக்குத் தொட்டு எடுக்கும் அளவு பலமே போதும். வேண்டாத பலத்தைக் குறைப்பது காதுக்கு மட்டுமல்ல, விரல் மூட்டுகளுக்கும் நல்லது.

கண் அறியாததை விரல் அறியும்

நன்றாகத் தட்டச்சு செய்யும் ஒருவரிடம் வெற்றுக் கட்டங்கள் வரைந்த தாளைக் கொடுத்து, எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குறிக்கச் சொன்னால் என்ன ஆகும்? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். நிமிடத்துக்குச் சராசரியாக எழுபதுக்கும் மேற்பட்ட சொற்களை அடிக்கக்கூடிய அந்த மனிதர்களால், 26 எழுத்துகளில் சராசரியாக 15 எழுத்துகளின் இடத்தைத்தான் சரியாகக் குறிக்க முடிந்தது. அவர்களுடைய விரல்களுக்குத் தெரிந்த ஒன்று அவர்களுக்குத் தெரியவில்லை. மிதிவண்டி ஓட்டுவதிலும் பூக்கட்டுவதிலும் இதே நினைவுதான் வேலை செய்கிறது. செய்யும்போது வரும், சொல்லச் சொன்னால் வராது. தொடக்கத்தில் விசைகளின் வரைபடத்தை மனப்பாடம் செய்ய முயல்வோர் விரைவில் சோர்ந்துபோவதற்குக் காரணம் இதுவே. மனப்பாடம் செய்ய வேண்டியது தலை அன்று.

பார்க்காமல் அடிப்பதால் வேகம் கூடும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் பயன். அதை அப்படியே நான் சொல்லத் தயங்குகிறேன். பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்றில், முறையாகப் பயின்றவர்களுக்கு ஈடான வேகத்தில், ஐந்தாறு விரல்களை மட்டும் பயன்படுத்தும் சிலரும் அடிப்பது தெரியவந்தது. தம் போக்கில் கற்றுக்கொண்டாலும், ஒரே எழுத்துக்கு எப்போதும் ஒரே விரலைப் பயன்படுத்துபவர்கள் வேகமாகவே அடிக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது: முறையாகப் பயின்றவர்கள் கைகளைப் பார்க்கும் நேரம் மற்றவர்களைவிட மிகக் குறைவு. ஆக, பத்து விரல் முறையின் உறுதியான பயன் வேகம் அன்று. கண்ணுக்கும் கழுத்துக்கும் கிடைக்கும் விடுதலை. வேகம் அதனோடு கூட வரும் ஊதியம்.

அதே பல்கலைக்கழகம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2018-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் 1,68,000 பேர் இணையவழியில் அடித்த 13.6 கோடி விசை அழுத்தங்கள் ஆராயப்பட்டன. அவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 சொற்கள். வேகமாக அடிப்போரே பிழையும் குறைவாக விட்டார்கள்; ஒரு விசையை விடுவதற்கு முன்பே அடுத்த விசையை வேறொரு விரலால் அழுத்திவிடுவது அவர்களுடைய கைவாகாக இருந்தது. ஓடும் விரலின் வேகத்தைவிட, அடுத்த விரல் முன்கூட்டியே புறப்படுவதுதான் காரியத்தைச் செய்கிறது.

பயிற்சியை எப்படி நடத்துவது

தட்டச்சு வேகத்தை அளக்கும்போது ‘சொல்’ என்பது அகராதிச் சொல் அன்று. இடைவெளியும் உட்பட ஐந்து விசை அழுத்தங்கள் ஒரு சொல்லாகக் கணக்கிடப்படும். தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வில், ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்களும் முதுநிலைக்கு 45 சொற்களும் வேண்டும். ‘லோயர்’, ‘ஹையர்’ என்று பேச்சில் சொல்வது இவற்றைத்தான். நிமிடத்துக்கு 30 சொற்கள் என்றால் பத்து நிமிடத்தில் 1,500 அழுத்தங்கள், அதாவது நொடிக்கு இரண்டரை. இப்படிப் பிரித்துப் பார்த்தால் அந்த எண் அச்சுறுத்துவதில்லை.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் உட்காருவது பலன் தரும். முதல் சில நாள்கள் நடுவரிசையிலேயே கழியட்டும்; பிறகு மேல்வரிசை, அதன்பின் கீழ்வரிசை. எண்களையும் குறிகளையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கே-டச், கிளவாரோ போன்ற கட்டணமில்லாப் பயிற்சி மென்பொருள்கள் இந்த வரிசையிலேயே பாடங்களைத் தருகின்றன.

இடையில் ஒரு கண்டம் உண்டு. ஏற்கெனவே இரண்டு விரலால் ஓரளவு வேகமாக அடித்துக்கொண்டிருந்தவர் புதிய முறைக்கு மாறும்போது, அவருடைய வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். அலுவலகத்தில் அவசரமாக ஒரு கடிதம் அடிக்க வேண்டிவந்தால் பழைய விரல்கள் தாமாகவே முன்வரும். பெரும்பாலோர் முயற்சியைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நான் பரிந்துரைப்பது கொஞ்சம் கடுமையானது: வேலைப்பளு இல்லாத இரண்டு வாரங்களைத் தேர்ந்துகொண்டு, அந்த நாள்களில் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் எல்லாவற்றையும் புதிய முறையிலேயே அடிக்க வேண்டும். ஒரு நாளில் இரண்டு முறையும் கலந்தால் விரல்கள் எந்தப் பேச்சைக் கேட்பது என்று குழம்பிப்போகும்.

பார்க்கும் ஆசையை அடக்குவதற்கு, முன்பு விசைகளின் மேல் எழுத்தே பொறிக்காத பொறிகளைப் பயிற்சிக்கு வைத்திருந்தார்கள். வீட்டில் அதற்கு இணையாக, கைகளின் மேல் ஒரு மெல்லிய துண்டைப் போட்டுக்கொள்ளலாம். பிழைகளைப் பற்றி ஒரு சொல்: வேகத்தை முதலில் பிடித்துப் பிழைகளைப் பிறகு களையலாம் என்பது நடப்பதில்லை. விரல் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதையே கற்றுக்கொள்கிறது. பிழையைத் திரும்பச் செய்தால் பிழையையும் அதே பற்றோடு கற்றுக்கொள்ளும். பத்துச் சொல்லுக்கு ஒருமுறை பேக்ஸ்பேஸ் விசையைத் தேடிப் போவதாக இருந்தால், வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரம் அது.

தமிழில் தட்டச்சு

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வடிவம் தந்தார். அவருடைய அமைப்பிலிருந்து வளர்ந்த பழைய தட்டச்சு முறை இன்றும் பலருடைய கைகளில் இருக்கிறது. அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிக்கப்படுகின்றன. ‘கொ’ என்பதை அடிக்க, முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று மூன்று அழுத்தங்கள் வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு நான் தயக்கமின்றிச் சொல்வது தமிழ்99 அமைப்பைத்தான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டிப் பரிந்துரைக்கப்பட்டுத் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்ட அமைப்பு இது. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என 31 விசைகளுக்குள் தமிழின் எல்லா எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. அவற்றை அடிக்க ஷிப்ட் விசை தேவையில்லை. உயிரெழுத்துகளும் புள்ளியும் இடக்கைக்கு. மெய்களில் வகரமும் ஙகரமும் நீங்கலாக மற்றவை வலக்கைக்கு. தமிழில் உயிரும் மெய்யும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. மேடு உள்ள எஃப் விசையில் புள்ளியும் ஜே விசையில் பகரமும் அமர்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் அரைப்புள்ளிக்கு வீணாகும் வலக்கைச் சுண்டு விரலின் இடம் இங்கே நகரத்துக்குக் கிடைத்திருக்கிறது.

எழுத்து, ஒலியின் வரிசையிலேயே அடிக்கப்படுகிறது: ககரத்தை அடித்து இகரத்தை அடித்தால் ‘கி’, ககரத்தை அடித்து ஒகரத்தை அடித்தால் ‘கொ’. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அதேபோல ‘ந்த’, ‘ம்ப’, ‘ங்க’, ‘ண்ட’ போன்ற இணைகளிலும் புள்ளியை நாம் அடிக்க வேண்டியதில்லை. ‘இந்த’ என்ற சொல்லுக்கு இ, ந, த என்று மூன்றே அழுத்தங்கள். ‘தம்பி’, ‘பந்து’, ‘பகுதி’ ஆகிய சொற்களை விரல்கள் நடுவரிசையை விட்டு எழாமலேயே அடித்துவிடலாம். எந்த மெய்க்கு எந்த மெய் இனம் என்று பள்ளியில் படித்த இலக்கணம் விசைப்பலகைக்குள் வந்து உட்கார்ந்திருப்பதை எண்ணும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறை எளிதில் வருகிறது என்பது உண்மை. ஆனால் ‘தமிழ்’ என்று எழுத டி, எச், ஏ, எம், ஐ, இசட், எச் என்று ஏழு அழுத்தங்கள் தேவைப்படும் இடத்தில், தமிழ்99 ஐந்தில் முடிக்கிறது. எப்போதாவது ஒரு வரி எழுதுபவருக்கு அது பொருட்டில்லை. நாள்தோறும் பக்கக்கணக்கில் எழுதுபவருக்கு அந்த இரண்டு அழுத்தங்கள் மாலையில் மணிக்கட்டில் தெரியும். என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற மென்பொருள்களில் தமிழ்99 உண்டு. மேக் கணினியில் உள்ளமைந்தே வருகிறது.

முழங்கையிலிருந்து தொடங்குங்கள்

அமரும் முறையைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ‘முதுகை நேராக வையுங்கள்’ என்று தொடங்குகின்றன. விறைப்பாக நிமிர்ந்த முதுகு பத்து நிமிடம்கூட நிற்காது. நான் முழங்கையிலிருந்து தொடங்கச் சொல்வேன். தோள்களைத் தளர்த்தி, மேற்கைகளை உடலை ஒட்டித் தொங்கவிட்டு, முழங்கையைச் செங்கோணத்துக்குச் சற்றுக் கூடுதலாக விரியும்படி மடக்குங்கள். அப்போது உங்கள் விரல்கள் எந்த உயரத்தில் நிற்கின்றனவோ, விசைப்பலகை இருக்க வேண்டிய உயரம் அது. மற்ற அளவுகளெல்லாம் இதைப் பின்தொடர்ந்து வர வேண்டியவை.

நம் வீடுகளில் இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சாப்பாட்டு மேசையும் எழுதும் மேசையும் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் அளவு உயரம் கொண்டவை. ஐந்தடி மூன்று அங்குல உயரமுள்ள ஒருவர் பாதம் தரையில் பட அமர்ந்தால், அவருடைய முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இடையிலுள்ள பத்துச் சென்டிமீட்டரை யார் ஈடுகட்டுவது? தோள் ஈடுகட்டுகிறது, நாள் முழுவதும் சற்றே தூக்கியபடி நிற்கிறது. மேசையின் காலை அறுக்க முடியாதாகையால், நாற்காலியின் மீது கெட்டியான திண்டு போட்டு உயர்ந்து அமர்ந்து, அதனால் தரையை எட்டாமல் போகும் பாதங்களுக்கு அடியில் ஒரு மணையையோ பழைய நூல்களையோ வைத்துக்கொள்வதே மலிவான வழி. பழைய தட்டச்சுப் பயிலகங்களில் பொறிக்கென்று தாழ்ந்த மேசை இருந்ததன் காரணமும் இதுதான்: பொறியே உயரமானது என்பதால் மேசை தாழ வேண்டியிருந்தது.

அடுத்தது மணிக்கட்டு. விரலை மடக்கும் தசைகளில் பெரும்பாலானவை விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் தசைநாண்களில் ஒன்பது, மணிக்கட்டிலுள்ள ஒரு குறுகிய குகை வழியாக விரல்களுக்குச் செல்கின்றன. கட்டை விரலுக்கும் அடுத்த விரல்களுக்கும் உணர்வு தரும் நரம்பும் அதே குகைக்குள்தான் ஓடுகிறது. மணிக்கட்டை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மடக்கினால் குகைக்குள் அழுத்தம் கூடும். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று சொல்வதன் பொருள் இதுதான். விசைப்பலகையின் அடியில் பின்பக்கம் மடக்கி வைத்த இரண்டு சிறு கால்களைப் பலர் ஆர்வத்தோடு விரித்து வைக்கிறார்கள். அவற்றை விரித்தால் பலகையின் பின்பகுதி உயர்ந்து, மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். பெரும்பாலோருக்கு அவற்றை மடக்கியே வைப்பது நல்லது. மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு அடிப்பதும் அதே அளவு தீங்கு. கை மிதந்தபடி அடிக்க வேண்டும், மென்மையான கைத்தாங்கி இருந்தால் அடிப்பதை நிறுத்தியிருக்கும்போது மட்டும் அதில் கையை இளைப்பாற விடலாம்.

மவுஸை விசைப்பலகைக்கு ஒட்டியே, அதே உயரத்தில் வைக்க வேண்டும். எண் விசைகள் கொண்ட நீண்ட பலகை மவுஸை வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. கணக்கு வேலை செய்யாதவர்கள் அந்தப் பகுதி இல்லாத பலகையை வாங்கினால் வலத் தோளுக்கு உதவியாக இருக்கும்.

திரை ஒரு கை நீளத்தில், ஏறத்தாழ 50 முதல் 75 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கட்டும். அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழ்வாகவோ இருந்தால், பார்வை இயல்பாகச் சற்றே கீழ்நோக்கி விழும். இருபார்வைக் கண்ணாடி அணிந்தவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்க அவர்கள் முகவாயைத் தூக்குவார்கள், ஆகவே அவர்களுக்குத் திரையை மேலும் தாழ்த்த வேண்டும். சன்னல் திரைக்கு நேர் பின்னாலும் வேண்டாம், உங்களுக்கு நேர் பின்னாலும் வேண்டாம். பக்கவாட்டில் இருப்பது கண்ணுக்கு இதம்.

மடிக்கணினியில் இந்த அளவுகளில் ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவும். திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால், கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது. கழுத்துக்கு ஏற்றபடி உயர்த்தினால் தோள் தூக்குகிறது. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. அது முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்கும்போது பாரமாகத் தெரிவதில்லை, முன்னே சாயச் சாயப் பிடரித் தசைகள் அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நாளும் பல மணி நேரம் மடிக்கணினியில் எழுதுபவர்கள் தனியாக ஒரு விசைப்பலகையும் மவுஸும் வாங்கி, மடிக்கணினியைத் தடித்த நூல்களின் மேல் ஏற்றி வைப்பது, விலையுயர்ந்த நாற்காலி வாங்குவதைவிட முந்திச் செய்ய வேண்டிய செலவு. அப்படி ஏற்றி வைத்த பின், விசைகளைப் பார்த்து அடிப்பவருக்குக் குனிந்து நிமிர வேண்டிய தொலைவு இன்னும் கூடிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எவ்வளவு சரியாக அமர்ந்தாலும், அசையாமல் அமர்ந்தால் பயனில்லை. தட்டச்சுப் பொறியில் வரி முடியும் தறுவாயில் மணி அடிக்கும். இடக்கையை உயர்த்தி நெம்புகோலைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி வேறு தாள் செருக வேண்டும். கைகளுக்கு அந்தப் பொறியே இடைவேளை விட்டுக்கொண்டிருந்தது. கணினியில் வரி தானாக மடிகிறது, பக்கம் தானாகப் பிறக்கிறது. ஓய்வை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தொலைவிலுள்ள ஒன்றை, இருபது நொடி பார்க்க வேண்டும் என்று கண் மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு. இருபது அடி என்பது ஏறத்தாழ ஆறு மீட்டர். எதிர்வீட்டு மரமோ மொட்டைமாடித் தொட்டியோ போதும். திரையைப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பது குறைந்துவிடுவதால், அந்த இருபது நொடியில் வேண்டுமென்றே சில முறை இமைப்பதும் நல்லது. அரை மணிக்கொருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். சிறிய குவளையை வைத்துக்கொண்டால் எழ வேண்டிய காரணம் தானே வரும்.

பயிற்சி தொடங்கிய முதல் வாரத்தில் முன்கையில் இலேசான களைப்பு இருப்பது இயல்பு. பழகாத தசை வேலை செய்கிறது. கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடு விரல் ஆகியவை மரத்துப்போவதும், இரவில் ஊசி குத்துவது போன்ற உணர்வால் விழிப்பு வருவதும், பிடித்த பொருள் கைநழுவுவதும் களைப்பு அன்று. மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படுவதற்கு அவை அறிகுறியாக இருக்கலாம். தட்டச்சு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நீரிழிவு, தைராய்டுக் கோளாறு, கருவுற்ற காலம் ஆகியவற்றிலும் அது வரும். ஆகவே அமரும் முறையை மாற்றிப் பார்த்துக்கொண்டே வாரக்கணக்கில் காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேர்வு நெருங்கும்போது பயிற்சி நேரத்தை ஒரே வாரத்தில் மும்மடங்காக்குபவர்களிடம் இந்தக் கைவலி கூடுதலாகத் தலைகாட்டுகிறது. தேர்வு நாள் தெரிந்தவுடனேயே, நாளுக்கு ஐந்து நிமிடம் என்ற அளவில் நேரத்தைக் கூட்டிக்கொண்டு போவதற்கு எந்தக் கையும் முணுமுணுக்காது.